சிறை வாசலில் நிற்கும் சகோதரிக்கு யார் துணை?

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் மலைப்பாதையில் நடுவட்டம் என்றோர் ஊர் உண்டு. சிங்கோனா மரம் வளர்த்துக் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து எடுத்த காலத்துச் சிறைச்சாலை ஒன்று அங்கே இன்றும் காட்சிக்கு நிற்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மலாயாக் கரையோரத்து ஆங்கிலக் குடியேற்றங்களில் இடம் போதாமையால், சீனக் கைதிகள் பலர் கப்பலேற்றி நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அபினிப் போரில் பிடிபட்டோர் இவர்கள் என்று ஊரார் சொல்வதும் உண்டு. இவர்களது உழைப்பைக் கொண்டே இம்மலையின் சிங்கோனாத் தோட்டங்களும் தொடக்ககாலத் தேயிலைத் தோட்டங்கள் சிலவும் உருவாயின.

தண்டனை முடிந்தபின் இவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களில் சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே குடியமர்ந்து, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டு, சிறிது காப்பி வளர்த்து, பசு வைத்துப் பால் விற்று, நேர்மையாகப் பிழைத்தார்கள் என்று எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலில் பதிந்திருக்கின்றார். மொழி வேறு, நிறம் வேறு, வணக்க முறை வேறு. எனினும் கால் ஊன்ற ஒரு துண்டு நிலம் கிடைத்தது. தலைக்கு மேல் கூரை கிடைத்தது. அவர்கள் கறந்த பாலை விலை கொடுத்து வாங்க அண்டை வீட்டார் இருந்தார்கள். கைதி குடியானவன் ஆனான்.

இன்று அதே மலையில், நம் மார்க்கத்தையே உடைய, நம் மொழியையே பேசுகின்ற ஒரு பெண் சிறையிலிருந்து திரும்பினால், அந்த மூன்றில் ஒன்றேனும் அவளுக்குக் கிடைக்கின்றதா? இந்த வினாவை நம் மஹல்லாக்களின் முன்னே வைப்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

மலையிலிருந்து இறங்கிய பெண்

இம்மலையில் தண்டனை பெறும் பெண் கோவையிலுள்ள பெண்கள் தனிச் சிறைக்கு அனுப்பப்படுகின்றாள். உதகைக்கும் கோவைக்கும் இடையே ஏறத்தாழ 85 கிலோமீட்டர் மலைப்பாதை. தேயிலை பறித்து நாட்கூலி பெறும் முதிய தாய் ஒருத்தி, சிறையிலுள்ள மகளைக் காண வேண்டுமானால் ஒருநாள் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணமும் கொடுக்க வேண்டும். முதல் மாதம் வருவார்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார்கள். அதன்பின் வருவது நின்றுவிடும். உச்ச நீதிமன்றம் 2006இல் அளித்த தீர்ப்பின்படி, ஆறு வயது வரையிலான குழந்தை தாயுடன் சிறையில் இருக்கலாம். ஆறு வயது நிரம்பியதும் அக்குழந்தை உறவினர் வீட்டுக்கோ விடுதிக்கோ போகின்றது. அங்கே தாயின் பெயரைச் சொல்வதற்கே வெட்கப்படுமாறு பழக்கப்படுகின்றது.

தோட்டத் தொழிலாளியின் நிலை இன்னும் கடினமானது. தோட்டத்து லயன் வீடு வேலையோடு பிணைந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. சிறைக்குச் சென்ற பெண் வேலையை இழக்கின்றாள்; அதனால் கூரையை இழக்கின்றாள்; கூரை இல்லாததால் பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள இயலாதவளாகின்றாள்; பிள்ளையும் இல்லாதபோது, விட்ட பழக்கத்தை மீண்டும் நாடாமலிருக்க அவளுக்கு எஞ்சியிருக்கும் காரணந்தான் என்ன?

இந்தியச் சிறைகளில் உள்ளோரில் பெண்கள் நூற்றுக்கு நால்வர் அளவினரே. தொகை சிறிது என்பதாலேயே அவர்களைப் பற்றிய கவலையும் சிறிதாகிவிட்டது. நீதியரசர் கிருஷ்ணய்யர் தலைமையில் பெண் கைதிகளுக்கென ஒரு வல்லுநர் குழு அமைக்கப்பட்டு, 1987இல் அறிக்கை தந்தது. ஆண்களுக்கென்று கட்டப்பட்ட சிறை அமைப்பில் பெண் ஒரு பின்னிணைப்பாகவே இருக்கின்றாள் என்பது அன்றே தெளிவாயிற்று. சிறைச் சுவருக்கு உள்ளே மாறுதல்கள் வந்தன. புழலில் பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் நிலையம் 2023இல் தொடங்கப்பட்டு, அவர்கள் ஊதியம் பெற்று உழைப்பதை நாடு கண்டது. சுவருக்கு உள்ளே அரசாங்கம் வேலை கொடுக்க முன்வந்திருக்கும்போது, சுவருக்கு வெளியே சமுதாயம் கதவைச் சாத்திக்கொள்வது முறையாகுமா?

மதுவும் மலைக்குளிரும்

போதைப் பழக்கம் ஆண்களுக்கே உரியது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். மத்திய அரசின் சார்பில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை 2019இல் வெளியிட்ட ஆய்வு, இந்நாட்டு ஆண்களில் நூற்றுக்கு 27 பேரும் பெண்களில் நூற்றுக்கு 1.6 பேரும் மது அருந்துவதாகக் கணக்கிட்டது. பெண்களின் பங்கு குறைவுதான். ஆனால் குறைவாக இருப்பதாலேயே அவள் தனிமைப்படுகின்றாள். மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெறுவதாக அதே ஆய்வு சொல்கின்றது. ஆணின் நிலையே இதுவென்றால், குடிப்பதை வீட்டாரிடமும் மறைத்து வைக்கும் பெண் மருத்துவரை எங்ஙனம் நாடுவாள்?

தமிழ்நாட்டில் மதுக்கடைகளை அரசு நிறுவனமே நடத்தத் தொடங்கியது 2003ஆம் ஆண்டு இறுதியில். மதுக்கடை சந்தைக்கு வந்தது; சந்தையிலிருந்து வீட்டுக்கு வந்தது. கணவன் வாங்கி வைத்த பாட்டில், உடல்வலிக்கும் குளிருக்கும் மருந்தென்று மனைவிக்கு ஒரு நாள் ஊற்றப்படுகின்றது. வேறொருத்தி தூக்க மாத்திரையிலும் வலி மாத்திரையிலும் சிக்குகின்றாள். இன்னொருத்தி, கடை மூடிய நேரத்தில் மறைத்து விற்கும் பாட்டில்களுக்கோ, தமிழகமும் கேரளமும் கருநாடகமும் சந்திக்கும் கூடலூர் எல்லையில் கைமாறும் பொட்டலத்துக்கோ சுமைகூலியாகின்றாள். கொடுத்தனுப்பியவன் வீட்டிலிருப்பான்; சுமந்தவள் சிறையிலிருப்பாள்.

இம்மலையில் ஒரு விந்தையான ஏற்பாடு நடைமுறையில் இருக்கின்றது. காலி மதுபாட்டில்கள் காட்டில் வீசப்பட்டு, யானையின் காலையும் மற்ற விலங்குகளின் காலையும் கிழிப்பதைக் கண்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்பேரில் 2022 முதல் நீலகிரியில் பாட்டில் ஒன்றுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைத் திரும்பக் கொடுக்கின்றார்கள். நல்ல ஏற்பாடுதான். காலியான பாட்டில் திரும்பி வருவதற்கு ஒரு வழியும் அதற்கு ஒரு விலையும் இம்மலையில் உண்டு. அந்தப் பாட்டிலால் காலியான பெண் திரும்பி வருவதற்கு வழி உண்டா?

மதீனா காட்டிய வழி

நம் மார்க்கத்தில் இதற்கு முன்மாதிரி இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்நாளிலேயே மூன்று பெண்களின் வரலாறு நமக்குப் பாடமாக இருக்கின்றது.

முதலாமவர், மக்கா வெற்றியின்போது திருட்டுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட மக்சூம் குலத்துப் பெண்மணி. உயர்குலத்தவள் என்று பரிந்துரைத்தவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை. தம் மகள் பாத்திமாவே ஆயினும் சட்டம் ஒன்றே என அறிவித்தார்கள். இந்தப் பகுதியை நம் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கின்றோம். அதன் பிற்பகுதியை எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்? அப்பெண் பின்னர் அழகிய முறையில் தவ்பா செய்தார், திருமணம் செய்துகொண்டார், தம்மிடம் வந்து போவார், அவருடைய தேவைகளைத் தாம் நாயகத்திடம் எடுத்துச் சொல்வது வழக்கம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற செய்தி இது. தண்டனை முடிந்தவுடன் அவருக்குக் கிடைத்தவை எவை என்று பாருங்கள்: மணவாழ்வு, இறைத்தூதரின் இல்லத்துக்குள் நுழையும் உரிமை, தம் குறையைக் கேட்டு உரிய இடத்தில் சேர்ப்பிக்கும் ஒரு பெண் துணை.

இரண்டாமவர், ஒரு குலத்தாரிடம் அடிமையாயிருந்து உரிமை பெற்ற கறுப்பினப் பெண். அந்த வீட்டுச் சிறுமியின் சிவந்த தோல் மாலை ஒன்றைப் பருந்து இறைச்சியென எண்ணித் தூக்கிச் சென்றது. பழி இவர்மேல் விழுந்தது. மானத்தைக் குலைக்கும் வகையில் இவரைச் சோதனையிட்டார்கள். பருந்து மாலையைக் கீழே போட்டதும் குற்றமின்மை வெளிப்பட்டது. அந்த ஊரை விட்டு நீங்கி மதீனா வந்து இஸ்லாத்தை ஏற்ற இவருக்குத் தங்குமிடம் எங்கே தரப்பட்டது தெரியுமா? பள்ளிவாசலிலேயே ஒரு சிறு கூடாரம்! அவர் அன்னை ஆயிஷாவிடம் வந்து அமரும்போதெல்லாம் அந்த மாலையின் நாளை நினைவுகூராமல் பேச்சைத் தொடங்கமாட்டார். ஏன் என்று அன்னையார் பரிவோடு கேட்டார்கள். அவர் முழுக்கதையையும் சொன்னார். நெஞ்சில் தைத்த அவமானத்தை மீண்டும் மீண்டும் சொல்லித்தான் ஆற்றிக்கொள்ள முடியும் என்பதும், சலிக்காமல் கேட்கும் ஒரு செவி வேண்டும் என்பதும் இதிலிருந்து விளங்குகின்றதன்றோ?

மூன்றாமவர், கொடைவள்ளல் ஹாத்திம் தாயியின் மகள் சஃப்பானா. ஹிஜ்ரி 9இல் போர்க் கைதியாக மதீனா கொண்டுவரப்பட்டு, பள்ளிவாசல் வாயிலருகே இருந்த அடைப்பில் வைக்கப்பட்டார். தந்தை இறந்துவிட்டார், காப்பவர் அகன்றுவிட்டார் என்று முறையிட்டார். பெருமானார் (ஸல்) அவர்கள் விடுதலை அளித்தார்கள். அதோடு நிற்கவில்லை. நம்பத்தக்க துணை கிடைக்கும்வரை அவசரப்பட்டுப் புறப்பட வேண்டாம் என்றும், கிடைத்ததும் தமக்குத் தெரிவிக்குமாறும் பணித்தார்கள். அவ்வாறே துணை கிடைத்தபோது உடையும், வாகனமும், வழிச்செலவும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்தப் பெண்மணி சென்று தம் சகோதரர் அதீயிடம் கூறிய நற்சொல்லே அவரை மதீனாவுக்கு அழைத்து வந்தது. அவர் இஸ்லாத்தைத் தழுவினார்.

விடுதலை என்பது கதவைத் திறந்துவிடுவது மட்டுமன்று என்பதை இந்நிகழ்ச்சி விளக்குகின்றது. எங்கே போவாள், யாருடன் போவாள், எதை உடுத்திப் போவாள், வழியில் எதை உண்பாள் என்பன அனைத்தும் விடுவிப்பவரின் பொறுப்பில் அடங்கும். பிற்காலத்தில் தலைமைக் காஜியாக விளங்கிய இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்கள், கலீபா ஹாரூன் ரஷீதுக்கு எழுதிய கிதாபுல் கராஜில், கைதிகளின் உணவுக்கும் குளிர்கால, கோடைகால உடைக்கும் வழி சொல்லும்போது பெண் கைதிகளின் உடையைத் தனியே குறிப்பிட்டார்கள். சிறைக் காவலர் கையாடாவண்ணம் படியைக் கைதியின் கையிலேயே பணமாகக் கொடுக்கச் சொன்னார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் வகுக்கப்பட்ட ஒழுங்கு இது.

தவ்பா ஒரு நொடி, நலம் பல ஆண்டு

"தவ்பா செய்துவிட்டாளாம், பிறகும் குடித்தாளாமே!" என்று ஏளனம் செய்வோர் உண்டு. இவர்கள் இரண்டு செய்திகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றார்கள். பாவத்துக்கு வருந்தி இறைவன்பால் திரும்புவது நெஞ்சின் செயல். அது ஒரு நொடியில் நிகழலாம். போதைக்குப் பழகிய நரம்பும் மூளையும் சீர்படுவது உடலின் செயல். அதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்; உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பது மருத்துவர் அனைவரும் அறிந்தது. எனவே அறையில் பூட்டி வைப்பதும், தாயத்துக் கட்டுவதோடு நின்றுவிடுவதும், "ஈமான் இருந்தால் விட்டுவிடுவாள்" என்று கடிந்துரைப்பதும் அறியாமை. ஈமான் இருப்பதால்தான் அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மதுவை இறைவன் ஒரே நாளில் விலக்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பயனினும் தீங்கு பெரிது என முதலில் அறிவித்தான். போதையில் தொழுகையை நெருங்காதீர் எனப் பின்னர் கட்டளையிட்டான். அதன் பின்னரே முற்றாக விலக்கினான். பழக்கத்தின் பிடி எத்தகையது என்பதைப் படைத்தவன் அறிவான். இன்று நமக்கு மது முழுமையாக ஹராம், அதில் ஐயமில்லை. ஆயினும் பழக்கத்திலிருந்து மீள்பவருக்குப் பொறுமையோடு உதவும் முறையை இவ்வரலாறு கற்பிக்கின்றது.

நபித்தோழர் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். நாயகத்தைச் சிரிக்கவைக்கும் இயல்பினர். குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டார், மீண்டும் குடித்துக் கொண்டுவரப்பட்டார். எத்தனை முறைதான் இவன் கொண்டுவரப்படுவது என்று ஒருவர் சபித்தார். அவரைச் சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று பெருமானார் (ஸல்) தடுத்தார்கள். தண்டனையும் நடந்தது, உறவும் அறுபடவில்லை. மீண்டும் வழுக்கி விழுந்த பெண்ணைக் கண்டு நம் நாவு என்ன சொல்கின்றது என்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார், குடிப்பழக்கத்தால் கணவரை இழந்த துயரத்தையே தொண்டாக்கி, டி.டி. ரங்கநாதன் பெயரால் 1980இல் சிகிச்சை நிலையம் நிறுவினார். 1992இல் பத்மஸ்ரீ பெற்றார். குடியை ஒழுக்கக்கேடு என்று மட்டுமே நாடு கருதிய காலத்தில், அதை நோயென்று கண்டு மருத்துவமும் குடும்பத்தாருக்கு அறிவுரையும் சேர்த்து அளித்த நிலையம் அது. நன்மை எவரிடமிருந்து வந்தாலும் கற்றுக்கொள்வது முஃமினின் பண்பு. உதகையிலும் இப்பொழுது அரசு மருத்துவக் கல்லூரி உண்டு, 2022இல் தொடங்கப்பட்டது. மனநல மருத்துவரை நாடுவதற்கு மலையிறங்கியே தீரவேண்டும் என்ற நிலை இல்லை.

ஜகாத்தில் அவளுக்குப் பங்குண்டா?

இக்கேள்வி கேட்கப்படுவது இயல்பு. திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் ஜகாத் பெறுவோரை எட்டு வகையினராகப் பகுத்துள்ளது. சிறையிலிருந்து வெறுங்கையோடு வரும் பெண் பகீர், மிஸ்கீன் என்னும் முதல் இரு வகையிலேயே அடங்கிவிடுகின்றாள். இதில் மத்ஹபு வேறுபாடு பேசவேண்டிய தேவையே இல்லை. வழக்குச் செலவுக்காகக் கடன்பட்டு, அடைக்க வழியற்றிருப்பின் கடனாளி என்ற வகையிலும் சேருவாள். பாவமான வழியில் பட்ட கடனாயினும், தவ்பா செய்துவிட்டால் கொடுக்கலாம் என்பதே ஷாபிஈ மத்ஹபில் சரியான கருத்தாக ஏற்கப்பட்டுள்ளது.

ஹனபி மத்ஹபினர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஜகாத் பொருள் உரியவளின் கையில் உடைமையாகச் சேர வேண்டும். ஆகவே அவள் வாடகைக்கும், தையல் இயந்திரத்துக்கும், மருந்துக்கும் அவள் கையில் கொடுத்துவிடலாம். தங்கும் இல்லம் கட்டுவதற்கு ஜகாத்தைச் செலவிடாமல், சதகாவையும் வக்பு வருமானத்தையும் பயன்படுத்த வேண்டும். கைரோவில் ஹிஜ்ரி 684இல், அதாவது 1285இல், சுல்தான் பைபர்ஸின் மகளார் ஒரு ரிபாத் கட்டி, ஜைனப் என்னும் கல்வியறிவு மிக்க அம்மையாரின் பொறுப்பில் விட்டார். கணவரால் விடப்பட்ட பெண்களும் மணவிலக்குப் பெற்றவர்களும் மறுமணம் ஆகும்வரை, அல்லது கணவரிடம் திரும்பும்வரை அதில் பாதுகாப்பாகத் தங்கினார்கள் என வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதியுள்ளார். பெண்ணின் கொடை, பெண்ணின் நிர்வாகம், காலவரையுள்ள தங்கல் என்ற மூன்றும் அமைந்த அந்த ஏற்பாடு நமக்கு நல்ல அளவுகோல்.

பிள்ளையின் விஷயத்திலும் நம் பிக்ஹு நூல்கள் தெளிவாகவே உள்ளன. தாயின் தீய பழக்கம் பிள்ளைக்குக் கேடாகும் நிலையில் வளர்ப்புரிமை அவளிடமிருந்து நீங்கும். அந்தத் தடை அகன்றால் உரிமை மீளும். "ஒருமுறை சிறை சென்றவளுக்குப் பிள்ளை இல்லை" என்று பஞ்சாயத்தில் தீர்ப்புரைப்போர் எந்தக் கிதாபைக் கண்டு உரைக்கின்றார்களோ தெரியவில்லை.

எழுப்பப்படும் ஆட்சேபங்கள்

இவளைச் சேர்த்துக்கொண்டால் நம் வீட்டுக் குமரிகளுக்குத் தவறான முன்மாதிரியாகும் என்பார்கள். உண்மையில் முன்மாதிரி எது? விழுந்தவள் எழுந்து, உழைத்து, தொழுது, பிள்ளையை வளர்ப்பதைக் காணும் பெண், தவறு செய்தால் திரும்ப முடியும் என்று கற்கின்றாள். விழுந்தவள் தெருவில் அலைவதைக் காணும் பெண், தவறு செய்தால் மறைக்க வேண்டும் என்று கற்கின்றாள். எது ஆபத்து?

சிறை சென்றவளின் கற்பைப் பற்றித் திண்ணையில் அமர்ந்து பேசுவோர் உண்டு. வழக்கு பாட்டில் விற்றதாக இருக்கும்; பேச்சு வேறாக இருக்கும். நான்கு சாட்சிகளின்றிப் பெண்மீது பழி சுமத்துவோருக்குத் திருமறையின் இருபத்துநான்காம் அத்தியாயம் விதித்துள்ள தண்டனையையும், அவர்களுடைய சாட்சியம் ஏற்கத்தக்கதன்று என்ற ஆணையையும் அவர்கள் படித்துப் பார்க்கட்டும். அதே அத்தியாயத்திலேயே, அன்னை ஆயிஷாவின்மீது பரப்பப்பட்ட அவதூறில் பங்குகொண்ட மிஸ்தஹ் என்பவருக்குக் கொடுத்துவந்த உதவியை நிறுத்திய அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களுக்கு, மன்னிக்குமாறும் உதவியைத் தொடருமாறும் இறைவன் அறிவுறுத்தினான். தம் மகளின் மானத்தில் கைவைத்தவருக்கே சித்தீக் நாயகம் மீண்டும் படி அளந்தார்கள். நமக்கு யாதொரு தீங்கும் செய்யாத ஒரு பெண்ணுக்குக் கொடுக்க நம் கை ஏன் நடுங்க வேண்டும்?

ஆணுக்கு நாம் இப்படியா நடந்துகொள்கின்றோம்? குடித்துச் சண்டையிட்டுச் சிறை சென்று வந்த இளைஞனுக்கு, "கல்யாணம் செய்து வைத்தால் திருந்திவிடுவான்" என்று பெண் தேடுகின்றோம். அவன் வழிதவறிய பிள்ளை. இவள் குலத்தைக் கெடுத்தவள்! இந்த இரட்டை அளவுகோல் எந்த மார்க்கத்திலிருந்து வந்தது? நிச்சயமாக இஸ்லாத்திலிருந்து அன்று.

குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே காலங்கழிப்போரையும் மறக்கலாகாது. இந்நாட்டுச் சிறைகளில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகளே. குற்றமற்ற யூசுப் நபி (அலை) அவர்கள் சிறையில் ஆண்டுகள் பல கழித்தார்கள். வெளியே சென்ற தோழன் அவர்களை நினைவூட்ட மறந்துபோனான். சிறையின் துன்பத்தைவிட மறக்கப்படுவது கொடிது.

மஹல்லா செய்யத்தக்கவை

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் ஜமாஅத்துகள் ஒன்றுகூடிப் பெரிய நிலையம் எழுப்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே தொடங்கத்தக்கவை சில உண்டு.

முதலாவது, வழக்கு நிலையிலேயே துணை நிற்றல். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, எந்தப் பெண்ணும் தன் வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞரைப் பெற உரிமையுடையவள். 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத ஒரே வழக்கில் முதன்முறையாகச் சிக்கியவர், உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் பிணையில் விடுதலை கோரலாம். பிணைத் தொகையோ அபராதமோ கட்ட இயலாத ஏழைக் கைதிகளுக்கென 2023இல் மத்திய அரசு தொடங்கிய உதவித் திட்டமும் உண்டு. போதைப்பொருள் சட்டத்தில், சிறிய அளவுக்காக வழக்கில் சிக்கிய பழக்க அடிமை தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறவும் இடமிருக்கின்றது. இவற்றை எடுத்துச் சொல்ல ஆளில்லாமையால் பலர் உள்ளே இருக்கின்றார்கள். மஹல்லாவின் படித்த இளைஞர்கள் செய்யவேண்டிய பணி இது.

இரண்டாவது, விடுதலை நாளன்று சிறை வாசலில் இரண்டு பெண்கள் நிற்க வேண்டும். ஆலிமாவாக இருக்கட்டும், ஆசிரியையாக இருக்கட்டும், அனுபவமுள்ள தாய்மாராக இருக்கட்டும். மாற்றுடையும் வழிச்செலவும் கொண்டு செல்லட்டும். பழைய கூட்டாளி வந்து அழைத்துப் போகும் முன்னர் அவர்கள் போய்ச் சேரட்டும்.

மூன்றாவது, முதல் ஆறு மாதத்துக்கு ஒரு வாடகை அறையும் ஒரு வேலையும். இலங்கையில் வேர் அறுந்து வந்த தோட்டத் தொழிலாளர்க்கு, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இம்மலையில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலையும் கூரையும் ஒருங்கே கொடுத்தார்கள். அதனால் அவர்கள் ஊன்றி நின்றார்கள். வேலையின்றிக் கூரையோ, கூரையின்றி வேலையோ கொடுத்தால் நிற்காது. தேயிலைத் தூள் பொட்டலம் கட்டும் கடையும், தைலக் கடையும், அடுமனையும், தங்கும் விடுதியும் நடத்தும் நம் வணிகப் பெருமக்கள் ஆளுக்கு ஒருத்திக்கு இடமளித்தால் போதும்.

நான்காவது, மருத்துவம் தொடர்தல். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற எண்ணும், பெண்களின் ஆபத்துக் காலத்துக்கு 181 என்ற எண்ணும் உள்ளன. மருத்துவரிடம் போகும் நாளில் உடன் போவதற்கு ஒரு சகோதரி வேண்டும். மீண்டும் வழுக்கினால், அதை ஜும்ஆவுக்குப் பின் பேசும் செய்தியாக்காமல், மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

ஐந்தாவது, நாவைக் காத்தல். பட்டப்பெயர் சூட்டுவதையும் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் திருமறை ஒருசேர விலக்கியிருக்கின்றது. அவளைச் "சிறைக்காரி" என்று அழைக்கும் வாய், முதலில் நம் வீட்டுப் பெண்கள் பகுதியிலேயே மூடப்பட வேண்டும். தாய்மார்களே, இதில் உங்கள் பொறுப்பு ஆண்களின் பொறுப்பினும் பெரிது. அவள் பயானுக்கு வந்தால் பாயில் இடம் விடுங்கள். திருமண வீட்டுக்கு அழைப்பு அனுப்புங்கள். அவள் பிள்ளை உங்கள் பிள்ளையோடு மதரஸாவுக்குப் போகட்டும்.

மறுமணத்துக்கு வரன் வந்து, குடும்பத்தார் கைவிட்டிருப்பின், வலீ இல்லாதவளுக்குக் காஜியே வலீ என்ற விதி நம்மிடம் இருக்கின்றது. ஜமாஅத் தலைவர்கள் தந்தையின் இடத்தில் நின்று அந்த நிக்காஹை நடத்திக் கொடுக்கட்டும்.

தண்டனை கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை, அது முடிந்துவிட்டது. மன்னிப்பது இறைவனின் உரிமை; அவன் தன் அருளில் எவரும் நிராசை அடைய வேண்டாம் என்று அறிவித்துவிட்டான். இவ்விரண்டுக்கும் இடையே மனிதருக்கென எஞ்சியிருப்பது கைகொடுப்பது ஒன்றே. அதையும் நாம் செய்யாமலிருந்தால், நாளை மறுமையில் அந்தப் பெண் தன் பாவங்களுக்குப் பதில் சொல்வாள். அவளைத் தெருவில் நிறுத்தியதற்கு நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வல்ல அல்லாஹ், வழிதவறித் திரும்புவோரின் தவ்பாவை ஏற்றருள்வானாக! அவர்களை அணைத்துக்கொள்ளும் விரிந்த உள்ளத்தை நம் சமுதாயத்துக்கு வழங்குவானாக! மது, போதை என்னும் பெருந்தீங்கிலிருந்து நம் இல்லங்களைக் காத்தருள்வானாக! ஆமீன்.